காட்சியறைக்கு முன் அளவுகோல்: குளத்தின் டிஜிற்றல் இரட்டை குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: வன்னிக் குளமொன்றுக்கு டிஜிற்றல் இரட்டை அமைக்கும் திட்டத்தின் வழிநடத்தல் குழுவினர்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

குளத்தின் டிஜிற்றல் இரட்டைக்கான, அதாவது குளத்தைப் போலவே கணினியில் இயங்கும் உருவுக்கான, கேள்விப்பத்திர வரைபை வாசித்தோம். குளத்தின் முப்பரிமாணக் காட்சி, அதைக் காட்டும் சுவர்த்திரை, குளிரூட்டிய அறை, ஆண்டுச் சந்தாவில் வரும் மென்பொருள் ஆகியவற்றுக்குப் பக்கம் பக்கமாக விபரக்கூற்று இருக்கிறது. குளத்தை அளப்பது பற்றி, கைவசமுள்ள தரவுகள் பயன்படுத்தப்படும் என்ற பொருளில் ஒரு வரியும், விபரமற்ற சில குறிப்புகளுமே உள்ளன. பராமரிப்புக்கு ஓராண்டு. வேலை முழுவதும் ஒரே ஒப்பந்தகாரரிடம், அதுவும் கட்டட மாதிரியமைப்பில் அனுபவமுள்ளவரிடம் போகும்படி தகைமைகள் எழுதப்பட்டுள்ளன. மின், இயந்திர, நீரியல், கமத்தொழில் பொறியியலாளர்களுக்கு ஆலோசனைக் கூட்டத்தில் ஒரு கதிரை உண்டு. வேலையை ஏற்றுக்கொண்டு கையொப்பமிடும் இடத்தில் அவர்களில் ஒருவரும் இல்லை.

இதை நாங்கள் ஏற்கவில்லை. எழுதுகிற நாங்கள் இந்தக் குளத்தோடு வேலை செய்யும் பல துறைப் பொறியியலாளர்களும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களும். இப்படியொரு இரட்டை வேண்டுமென்று முதலில் கேட்டவர்களும் நாங்களே.

எதை வாங்கப் போகிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். தரவைக் கையால் போட்டு ஓட்டுவது மாதிரி. உண்மைக் குளத்திலிருந்து தரவு தானாக வந்து மாதிரியைத் திருத்திக்கொண்டேயிருந்தால் அது நிழல். மாதிரி கண்ட முடிவு திரும்பக் குளத்துக்குப் போய், எந்த வான் (மிகைநீர் வழியும் இடம்) கதவை எத்தனை அங்குலம் எப்போது திறப்பது என்பதை மாற்றினால்தான் இரட்டை. உங்கள் வரைபில் விபரிக்கப்பட்டிருப்பது முதலாவது. விலை மட்டும் மூன்றாவதற்குரியது.

இந்த எண்ணம் உற்பத்தித் துறையில் பிறந்தது. 2002இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிறீவ்ஸ் முன்வைத்தபோது அது ஒரு பொருளை அதன் ஆயுட்காலம் முழுவதும் முகாமை செய்வது பற்றியது. பின்னர் நாசா அதை விண்கலங்களுக்கு எடுத்துக்கொண்டது. விமான இயந்திரமொன்றுக்கு வரைபடம் உண்டு, உதிரிப்பாகம் ஒவ்வொன்றுக்கும் தொடரிலக்கம் உண்டு, உணரிகள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வரும். எங்களுக்குப் பக்கத்தில் மன்னார்த் தீவில் 2020 டிசெம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலையை எடுங்கள்: 103.5 மெகாவாற், 30 விசையாழிகள், முப்பதும் ஒரே வகை, ஒரே உற்பத்தியாளர். அப்படிப்பட்ட இடத்தில் இரட்டை அமைப்பது ஒப்பீட்டளவில் இலகு. மண்ணால் கட்டி, காலத்துக்குக் காலம் உயர்த்தி, போர்க்காலத்தில் கோப்புகளை இழந்து, பிறகு வெவ்வேறு நிதியில் துண்டு துண்டாகத் திருத்தப்பட்ட ஒரு குளத்தில், தொழிற்சாலை செய்து கொடுத்த வேலையெல்லாம் முதலில் நாம் செய்யவேண்டிய வேலை. அந்த வேலைக்குத்தான் வரைபில் பணம் இல்லை.

அந்த வேலை பெரும்பாலும் பிழைப்பது ஒரு துறைக்குள் அல்ல, இரண்டு துறைகள் சந்திக்கும் இடத்தில். எங்கெங்கே என்று சொல்கிறோம்.

முதலில் உயரம். நீர்மட்டத்தை நாங்கள் அடியில் சொல்கிறோம், பூச்சியம் துருசின் (வாய்க்காலுக்கு நீர் விடும் மதகின்) அடிமட்டம். அணைக்கட்டின் முகடும் வானின் மேல்விளிம்பும் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்பட்டவை, புதிய வரைபடங்களில் மீற்றரில், பழையவற்றில் அடியில். ட்ரோனும் ஜிபிஎஸ்ஸும் தருவது பூமியின் நீள்வட்ட வடிவத்திலிருந்து எடுத்த உயரம். உலகிலேயே மிக ஆழமான ஈர்ப்புப் பள்ளம் இந்து சமுத்திரத்தில் இலங்கைக்குத் தெற்குப் பக்கமாக இருப்பதால், இங்கே அந்த உயரத்துக்கும் கடல்மட்ட உயரத்துக்கும் வித்தியாசம் 90 மீற்றருக்கு மேல். கடல்மட்டத்திலிருந்து 30 மீற்றரில் உள்ள முகடு, திருத்தாத ட்ரோன் கோப்பில் கழித்தல் 60க்கும் கீழே நிற்கும். இவ்வளவு பெரிய பிழையை யாரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆபத்து அதைத் திருத்தும்போதுதான் வருகிறது. உலகப் பொதுவான திருத்த மாதிரியொன்றைப் போட்டுவிட்டு, உள்ளூர் மட்டக்குறியோடு (உயரம் தெரிந்த நிலையான குறியோடு) ஒப்பிடாமல் விட்டால், சென்ரிமீற்றர் கணக்கில் ஒரு மிச்சப் பிழை உள்ளே தங்கிவிடும். திரையில் அது தெரியாது. வான் பாயும்போது தெரியும். வான் மீது போகும் பாய்ச்சல், விளிம்புக்கு மேலுள்ள நீரின் உயரத்தின் ஒன்றரை அடுக்குக்கு விகிதசமம். அந்த உயரம் 50 சென்ரிமீற்றராக இருக்கையில் 5 சென்ரிமீற்றர் பிழை, பாய்ச்சலில் 15 சதவீதப் பிழையாகிறது.

கிடை ஆள்கூறுகளிலும் இதே சிக்கல். பழைய வரைபடங்கள் கண்டவல ஆதாரத்தில், அதாவது ஆள்கூறுகளைக் கணக்கிடும் பழைய அடிப்படையில், உள்ளவை (எங்கள் கண்டாவளை அல்ல, தெற்கே உள்ளது). புதியவை 1999ஆம் ஆண்டு ஆதாரத்தில். பழைய வலையின் தொடக்கத்துக்கு 200,000, புதியதற்கு 500,000 என்று எண் கொடுக்கப்பட்டிருக்கிறது. முந்நூறு கிலோமீற்றர் தள்ளி விழும் வாய்க்காலை எவரும் கவனிப்பார். எண்ணை மட்டும் கூட்டிவிட்டு ஆதாரத்தை மாற்றாமல் விட்டால் வரும் தள்ளுகையை, வயல் வரம்பில் போய் நின்று பார்த்தால்தான் காணலாம்.

மருந்து மலிவானது. நில அளவைத் திணைக்களத்தின் மட்டக்குறியிலிருந்து துல்லிய மட்டமளவீடு செய்து, அணைக்கட்டில் நாலு நிரந்தரக் குறிகளைக் கொங்கிறீற்றில் நடுங்கள். துருசின் அடிமட்டம், வானின் விளிம்பு, அளவுகோலின் பூச்சியம், ஒவ்வோர் உணரியின் முகம், கீழேயுள்ள முதல் பாலத்தின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் அதே மட்டத்துக்குக் கொண்டுவந்து ஒரே அட்டவணையில் எழுதுங்கள். அந்த அட்டவணையில் எல்லாத் துறையும் கையொப்பமிடட்டும். இதைச் செய்யாமல் வாங்கும் எந்த மென்பொருளும் குப்பையைத்தான் வர்ணத்தில் காட்டும்.

இரண்டாவது, நீர்மட்டத்தை அளக்கும் கருவி. நீர்ப்பரப்பு 1,000 ஹெக்ரேயராக இருந்தால் ஒரு சென்ரிமீற்றர் என்பது 100,000 கன மீற்றர், ஏறத்தாழ 81 ஏக்கர் அடி. சிறுபோகக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று சண்டை பிடிப்பது இந்த எண்களை வைத்துத்தான். வரைபில் "நீர்மட்ட உணரி" என்று மட்டும் இருக்கிறது. எந்த வகை, எங்கே, எப்படி என்று ஒரு சொல் இல்லை. ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு விதமாகப் பொய் சொல்லும்.

நீருக்குள் இறக்கும் அமுக்க உணரி, நீரின் அமுக்கத்தோடு காற்றின் அமுக்கத்தையும் சேர்த்தே உணர்கிறது. காற்றோட்டக் குழாய் உள்ள வகையாக இருக்கவேண்டும், அல்லது கரையில் ஒரு வளியமுக்கமானி வைத்துக் கழிக்கவேண்டும். ஒரு ஹெக்ரோபஸ்கால் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீருக்குச் சமன். இரண்டும் இல்லாத மலிவு உணரியை வாங்கினால், புயல் நெருங்கி வளியமுக்கம் 20 ஹெக்ரோபஸ்கால் இறங்கும் இரவில் குளம் 20 சென்ரிமீற்றர் வற்றிவிட்டதாகக் காட்டும். வெள்ளம் வருகிற அதே மணித்தியாலங்களில்! காற்றோட்டக் குழாய் உள்ள வகைக்கும் ஒரு கவனம் வேண்டும். குழாய் வாயிலுள்ள ஈரமுறிஞ்சும் மணிகள் நிறம் மாறியதும் மாற்றாவிட்டால், காலபோகத்து ஈரம் உள்ளே போய் உணரியைத் தின்றுவிடும்.

ஒலியை நீர்ப்பரப்புக்கு அனுப்பி, அது திரும்பும் நேரத்தால் தூரத்தை அளக்கும் கழியொலி உணரிக்கு வெப்பநிலை எதிரி. ஒலியின் வேகம் ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.18 சதவீதம் மாறும். ஐந்து மீற்றர் தூரத்தில் 10 பாகை வித்தியாசம் 9 சென்ரிமீற்றர் பிழையாகும். உணரிக்குள் இருக்கும் வெப்பமானி வெயிலில் காய்ந்த தன் பெட்டியின் சூட்டைச் சொல்லுமே தவிர, இடையிலுள்ள காற்றின் சூட்டைச் சொல்லாது. றேடார் உணரிக்கு இந்தக் குறை இல்லை. அதன் கற்றை விரிந்து சுவரிலோ ஏணியிலோ பட்டால் நீர்மட்டம் அசையாமல் ஓரிடத்தில் நிற்கும். குளவி கூடு கட்டினாலும் அதே கதை. ஆகவே வானடியில் ஒரு றேடாரும், துருசுக் கோபுரத்தருகே நிலைநீர்க் கிணற்றுக்குள் ஒரு அமுக்க உணரியும் என இரண்டு வெவ்வேறு தத்துவக் கருவிகள் வேண்டும். கிணறு இல்லாவிட்டால் காற்றலையின் ஏற்ற இறக்கமே அளவாகப் பதியும். இரண்டுக்கும் நடுவராக வர்ணம் பூசிய அளவுகோலும், ஒவ்வொரு நாளும் அதை வாசிக்கும் ஆளும் இருக்கவேண்டும்.

அளந்த மட்டத்தைக் கொள்ளளவாக மாற்றும் வளையி எந்த ஆண்டுக்குரியது? வண்டல் படிந்த பிறகும் பழைய வளையியையே பயன்படுத்தினால், மிகச் சரியான உணரியும் இல்லாத தண்ணீரைக் கணக்குக் காட்டும். ட்ரோன் தண்ணீருக்குக் கீழே பார்க்காது. புல்லின் தலையை மண்ணென்று எடுத்துக்கொள்ளும். இதற்குச் சரியான காலம் செப்ரெம்பர். குளம் ஆக இறங்கி, படுக்கையின் பெரும்பகுதி வெளியே தெரியும். அதை ட்ரோனாலும் மட்டமானியாலும் அளந்து, எஞ்சிய நீரை வள்ளத்தில் எதிரொலிமானி கட்டி அளக்கவேண்டும். வேலைத்திட்டத்தில் இந்த அளவீடு ஜனவரிக்குப் போட்டிருக்கிறது. குளம் நிரம்பி, தாமரையும் சல்வீனியாவும் மூடியிருக்கும் மாதம். எதிரொலிமானி தாமரைத் தண்டைப் படுக்கையென்று பதியும்.

மூன்றாவது, கதவுகள். இங்கேதான் குடிசாரும் இயந்திரமும் மின்னும் ஒரே இரும்பில் கை வைக்கின்றன. இங்கே பிழைத்தால் ஆட்கள் சாவார்கள்.

கதவுகளுக்கு எண் கொடுத்தது யார்? நீரியல் வழக்கில் இடது கரை என்பது நீரோடும் திசையைப் பார்த்து நிற்கும்போது இடப்பக்கம். குடிசார் வரைபடம் அதன்படி ஒன்றிலிருந்து எண்ணும். கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பொருத்தும் மின்னியலாளர் தன் அறைக் கதவுக்கு அருகிலுள்ளதை ஒன்று என்பார். அறை வலது கரையில் இருந்தால் இரண்டு வரிசைகளும் தலைகீழ். மாதிரி ஒன்றாம் கதவைத் திறக்கச் சொல்லும், மறுமுனைக் கதவு திறக்கும். தகவல் மாதிரித் தரங்கள் இதைத் தாமாகத் தீர்க்கா. கட்டடத் துறைக்கு ஐஎப்சி, தொழிற்சாலைக் கருவிகளுக்கு ஓபிசி யுஏ, மின் உபநிலையங்களுக்கு ஐஈசி 61850, நீரியல் தரவுக்கு வோட்டர் எம்எல் என்று ஒவ்வொரு துறையும் தன் வீட்டுக்குள் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஒன்றின் "கதவு 1" மற்றதன் "மோட்டார் 1"தான் என்று சொல்லும் அட்டவணையை மனிதர்தான் எழுதவேண்டும். கதவிலேயே வர்ணத்தில் எண் எழுதி, அதையே எல்லாக் கோப்புகளிலும் போடுவது அரைநாள் வேலை.

கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை எப்படி அறிவது? மோட்டார் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எண்ணி மதிப்பிடுவது வழமை. எஃகுக் கயிறு தளர்ந்தால், அல்லது மரக்குற்றி சிக்கிக் கதவு இறங்காமல் நின்றால், உருளை சுற்றிக்கொண்டேயிருக்கும். கதவு மூடிவிட்டதென இரட்டை நம்பும். ஆகவே சாய்வுமானியைக் கதவின் கையிலேயே பொருத்தவேண்டும், கதவுக்கு ஒன்று. அதோடு மோட்டாரின் மின்னோட்டத்தையும் பதியவேண்டும். ஒரே திறப்புக்கு மின்னோட்டம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டு போனால் கிறீஸ் வற்றியிருக்கிறது, அல்லது கதவுச்சுழல் இறுகுகிறது. இயந்திரப் பொறியியலாளருக்கு இரட்டையால் கிடைக்கக்கூடிய ஆகப் பெரிய நன்மை இதுதான். வரைபில் மின்னோட்டம் பதியப்படவேயில்லை.

கதவின் திறப்பையும் நீர்மட்டத்தையும் கொண்டு பாய்ச்சலைக் கணக்கிட உதவும் பாய்ச்சல் குணகத்தையும் புத்தகத்திலிருந்து எடுத்துப் போடக்கூடாது. கதவின் கீழ்விளிம்பு நீரில் மூழ்கியிருக்கும்போது ஒரு சமன்பாடு, மூழ்காதபோது வேறு, கீழ்ப்பக்க நீர் ஏறிவந்து தடுத்தால் வேறு. ஒரு காலபோகத்தில் மூன்று திறப்பு நிலைகளில் கீழாற்றில் ஓட்டமானியால் அளந்து ஒப்பிட்டால் போதும். அந்த அளவீட்டுக்கும் வரைபில் வரி இல்லை.

நாலாவது, நீரேந்து பகுதி. இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து வரும் மாதிரிகள் வன்னியில் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். எங்கள் ஆறுகள் தனி ஆறுகள் அல்ல. கனகராயன் ஆறாகட்டும், பேராறாகட்டும், பாலி ஆறாகட்டும், மேலே சிறுகுளங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொடராக உள்ளன. ஒக்ரோபரில் அவை வற்றிக் கிடக்கும். முதல் மழை பெய்தால் ஒவ்வொன்றும் தன் பங்கைக் குடிக்கும், பெருங்குளத்துக்குக் கொஞ்சமே வரும். டிசெம்பரில் எல்லாம் வான் பாய்ந்துகொண்டிருக்கும். அதே அளவு மழைக்கு ஏறத்தாழ முழுவதும் கீழே வரும். ஒக்ரோபர், நவம்பர்த் தரவை வைத்து அளவுதிருத்திய மாதிரி டிசெம்பர் வெள்ளத்தைக் குறைத்துச் சொல்லும். பிழை கணிதத்தில் இல்லை. சிறுகுளங்களின் நிலை மாதிரிக்குள் இல்லாததே காரணம். மேலே ஒரு சிறுகுளம் உடைத்தால் வரும் அலை வேறு.

சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ், நடுத்தரக் குளங்கள் மாகாணத்தின் கீழ், மழைத் தரவு வளிமண்டலவியல் திணைக்களத்திடம், காடு வேறொருவரிடம். ஆகவே இது பொறியியல் துறைகளுக்கிடையில் மட்டுமன்றி அலுவலகங்களுக்கிடையிலும் தைக்கவேண்டிய தையல். தொடரின் முக்கியமான சிறுகுளங்கள் ஆறேழில் வானடியில் ஓர் அளவுகோலும், நிரம்பியதா இல்லையா என்று கைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பும் ஒரு கமக்காரரும் இருந்தாலே மாதிரியின் நடத்தை மாறிவிடும்.

மழைமானிகளையும் சரிபார்க்கவேண்டும். வாளி கவிழும் வகையில் 0.2 மில்லிமீற்றருக்கு ஒரு கவிழ்ப்பு. புனலின் வாய் 200 மில்லிமீற்றர் விட்டமானால் ஒரு கவிழ்ப்பு 6.28 மில்லிலீற்றர். 628 மில்லிலீற்றரை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் துளித்துளியாக விட்டால் 100 கவிழ்ப்பு வரவேண்டும். ஒவ்வொரு செப்ரெம்பரிலும் இதைச் செய்யவேண்டும். அதற்குள் எறும்பும் சருகும் புனலை அடைத்திருக்கும். கடும்மழையில் இந்த வகை மானி குறைத்துச் சொல்லும் என்பதால் பக்கத்தில் சாதாரண மழைமானி ஒன்றும் இருக்கட்டும்.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். நாளாந்த மழை காலை 8.30க்கு வாசிக்கப்படுகிறது, அது முதல்நாள் 8.30 முதல் பெய்தது. கணினி உலக நேரத்தில் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை எடுக்கும். இரண்டையும் கலந்தால் வெள்ளம் மழைக்கு முந்திவிடும். பழைய மணித்தியாலப் பதிவுகள் எங்காவது கிடைத்தால் இன்னொரு வில்லங்கம்: 1996 முதல் 2006 வரை நாட்டின் கடிகாரம் முன்தள்ளப்பட்டிருந்த காலத்தில் வன்னியின் பெரும்பகுதியில் பழைய நேரமே ஓடியது. இது எந்த மென்பொருள் உதவிக் கையேட்டிலும் இராது.

அணைக்கட்டு வரைபில் பச்சைப் புல் போர்த்திய அழகான முப்பரிமாண உருவமாக இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறதென அறிய ஒரு கருவியும் இல்லை. ஆகக்குறைந்தது மூன்று குறுக்குவெட்டுகளில், வெட்டுக்கு மூன்றாக, மண்ணுக்குள் நீரமுக்கத்தை அளக்கும் ஒன்பது பீசோமானிகள் வேண்டும். அதிலொரு வெட்டு துருசுக் குழாயையொட்டி இருக்கட்டும், கசிவு அந்த வழியைத்தான் விரும்பும். களிமண்ணில் நீரமுக்கம் நாட்கணக்கில் பின்தங்கி ஏறும் என்பதை மின்னியலாளர்கள் மனதிற் கொள்ளவேண்டும். நிமிடத்துக்கொருமுறை வாசித்துப் பற்றரியை முடிப்பதில் பயனில்லை. அடிக்காலில் கசிநீரைத் திரட்டி 90 பாகை வீ வடிவ வெட்டுத்தகடு வழியாக விட்டால், வெட்டின் மேல் நீர் 5 சென்ரிமீற்றர் நின்றால் செக்கனுக்கு 0.8 லீற்றர், 10 சென்ரிமீற்றர் நின்றால் 4.4 லீற்றர். தகரத்தில் வெட்டிச் செய்யக்கூடிய கருவி. தெளிந்த நீர் கூடுவது ஒன்று. கலங்கல் வருவது வேறு. கலங்கினால் மண் உள்ளிருந்து அரிபடுகிறது. அதைக் காவலாளியின் கண்தான் முதலில் காணும். அவர் தான் கண்டதை உள்ளிட இரட்டையில் ஓர் இடம் வேண்டும்.

மின்சாரமும் தொடர்பும். அணைக்கட்டு நெடுகச் செப்புக் கம்பி போட்டால் அது மின்னலைப் பிடிக்கும் கம்பியாகிவிடும். ஏப்ரலிலும் ஒக்ரோபரிலும் இங்கே இடி எப்படியென்று நீங்கள் அறிவீர்கள். உணரிக்கு உணரி தனிச் சோலரும் வானொலித் தொடர்பும், அல்லது ஒளியிழை. புவித்தொடுப்பின் தடையை மண் காய்ந்த ஓகஸ்டில் அளந்து பாருங்கள், மழைக்காலத்தில் அளந்தால் நல்ல எண்தான் வரும். ஈய அமிலப் பற்றரியின் ஆயுள் 10 பாகைச் சூட்டுக்கு ஏறத்தாழப் பாதியாகும். வெயிலில் நிற்கும் தகரப் பெட்டிக்குள் வைத்தால் உத்தரவாதக் காலம் முடிவதற்குள் அது முடிந்துவிடும். புயலில் மின்தடை நீளும்போது கைபேசிக் கோபுரங்களின் பற்றரியும் தீரும். ஆகவே தரவுப்பதிவி ஆகக்குறைந்தது ஒரு மாதத்தைத் தன்னுள் சேமித்து, தொடர்பு வந்ததும் அனுப்பவேண்டும். அந்த இடைவெளியில் இரட்டை தன் கடைசி எண்ணையே தொடர்ந்து காட்டக்கூடாது. தரவு எத்தனை மணிக்குரியது என்று பெரிய எழுத்தில் சொல்லவேண்டும்.

சந்தா மென்பொருள் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 அளவுக்குப் போனது. திணைக்கள வரவுசெலவில் டொலர்ச் சந்தா என்பது அடுத்த நெருக்கடியில் அணைந்துபோகும் திரை. நீரியலுக்கும் ஆற்றோட்டத்துக்கும் எச்ஈசி மென்பொருட்கள், வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ் என்று இலவசமாகவே தரமானவை உள்ளன. பணத்தைச் சந்தாவில் போடாமல், அவற்றை இயக்கத் தெரிந்த ஆட்களில் போடலாம். அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியாப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பக் கற்கைகள் பீடம் இருக்கிறது. குளத்திலிருந்து எட்டும் தூரத்திலுள்ள இவற்றின் பெயர்கூட வரைபில் இல்லை.

கடைசியாகப் பொறுப்பு. 2018 டிசெம்பர் 21, 22 வெள்ளத்தின் பின் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கதவுகள் எப்போது திறக்கப்பட்டன என்பது எவ்வளவு பெரிய விவாதமானதென்று எல்லோருக்கும் தெரியும். நாளை திரை திற என்று சொல்லிப் பொறியியலாளர் திறக்காவிட்டால் யார் பதில் சொல்வது? திரை திறக்காதே என்று சொல்லிக் கீழே ஊர் மூழ்கினால்? வரைபு இதைத் தொடவேயில்லை. இது ஒரு முன்னோடித் திட்டம்தானே, மற்றவற்றை இரண்டாம் கட்டத்தில் சேர்க்கலாம் என்று கூட்டத்தில் பதில் வந்ததாக அறிகிறோம். நிதி தந்தவர் போன பிறகு இரண்டாம் கட்டம் வந்த திட்டம் எதுவென்று ஒன்றைக் காட்டுங்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

கேள்விப்பத்திரத்தை இப்போது வெளியிட வேண்டாம். காட்சியறைக்கும் சுவர்த்திரைக்கும் ஒதுக்கியதை எடுத்து மட்டமளவீடு, படுக்கை அளவீடு, உணரிகள், ஓட்ட அளவீடு ஆகியவற்றுக்கு முதலில் ஒதுக்குங்கள். ஒரு சாதாரண கணினித் திரையில் தொடங்கலாம். படுக்கை அளவீட்டை வரும் செப்ரெம்பருக்கு மாற்றுங்கள், அதைத் தவறவிட்டால் ஓராண்டு போய்விடும்.

குடிசார், நீரியல், இயந்திரம், மின், கமத்தொழில் ஆகிய ஐந்து துறைகளிலிருந்தும் ஒவ்வொருவரைக் கையொப்ப அதிகாரத்துடன் நியமியுங்கள். மட்ட அட்டவணை, கதவு எண் அட்டவணை, நேரமும் அலகும் பற்றிய விதி ஆகிய மூன்றிலும் ஐவரும் ஒப்பமிடும்வரை எந்த மென்பொருளுக்கும் கட்டளை போகக்கூடாது. கமநல அபிவிருத்தி, வளிமண்டலவியல் திணைக்களங்களோடு தரவுப் பரிமாற்றத்தை எழுத்தில் செய்யுங்கள்.

ஒப்பந்தப் பணத்தில் 30 சதவீதத்தை ஒரு முழுக் காலபோகம் முடியும்வரை நிறுத்திவையுங்கள். ஏற்றுக்கொள்ளும் சோதனை திரையின் அழகைப் பார்ப்பதாக இருக்கக்கூடாது. 2018 டிசெம்பர் மழையையும் 2025 நவம்பரில் டித்வா புயல் கொண்டுவந்த மழையையும், அளவுதிருத்தத்துக்குப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவைத்து, பின்னர் மாதிரிக்குக் கொடுத்து, நீர்மட்டம் ஏறிய நேரத்தையும் உச்சத்தையும் எவ்வளவு நெருக்கமாகச் சொல்கிறதெனப் பாருங்கள். ஏற்கக்கூடிய பிழை எவ்வளவு என்பதை முன்கூட்டியே கேள்விப்பத்திரத்தில் எழுதுங்கள்.

முதல் இரண்டு போகங்களுக்கு டிஜிற்றல் இரட்டை ஆலோசனை மட்டும் சொல்லட்டும். கதவுக்குக் கட்டளை அனுப்பும் கம்பியை இணைக்க வேண்டாம். இணைத்த பிறகும் கையால் இயக்கும் வழி எப்போதும் மேலோங்கி நிற்கவேண்டும். திரை சொன்னது, ஆள் செய்தது, ஏன் மாற்றிச் செய்தார் என்பது மூன்றும் நேரத்தோடு பதியப்பட்டு, திரை சொன்னதை மீறிய பொறியியலாளருக்கு அந்தப் பதிவே பாதுகாப்பாக இருக்கும்படி எழுத்தில் ஏற்பாடு செய்யுங்கள்.

எச்சரிக்கைகளும் திரையும் தமிழில் இருக்கவேண்டும், நீர்மட்டம் அடியிலும் மீற்றரிலும் காட்டவேண்டும். நள்ளிரவில் அதை வாசிக்கப்போவது துருசடியில் நிற்பவர். அளவுகோலை வாசிக்கும் வேலையை நிரந்தர வேலையாக வைத்திருங்கள்; உணரி வந்துவிட்டதென்று அந்த ஆளை நிறுத்த வேண்டாம். அவர் எழுதும் கொப்பிக்கும் உணரிக்கும் வித்தியாசம் இரண்டு நாட்களுக்கு 2 சென்ரிமீற்றரைத் தாண்டினால் ஒருவர் போய்ப் பார்க்கவேண்டும் என்பதை விதியாக்குங்கள்.

பராமரிப்பை ஐந்தாண்டுக்கு ரூபாவில் ஒதுக்கி, உதிரியாக ஒரு றேடார், ஒரு அமுக்க உணரி, இரண்டு தரவுப்பதிவி, தேவையான பற்றரிகள் ஆகியவற்றை முதல் கொள்வனவிலேயே வாங்குங்கள். மூலத்தரவும் அளவுதிருத்தக் குணகங்களும் திணைக்களத்தின் சொத்து என்று ஒப்பந்தத்தில் எழுதி, திறந்த வடிவத்தில் இரு பல்கலைக்கழகங்களுக்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும் கொடுங்கள்.

திருத்திய வரைபை, ஒதுக்கீட்டு அட்டவணையோடு, சிறுபோகக் கூட்டத்துக்கு முன் பகிரங்கமாக வெளியிடுங்கள். எழுத்திலான உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
குளத்தோடு வேலை செய்யும் பொறியியலாளர்களும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களும்
வன்னி